ரேலீனும் கைப்பிரேக்கும்

ரேலீன் பென்கில்லியை உட்கார வைத்துப் பேசியவர்கள் கல்பாரா ஊரில் யாரும் கிடையாது. அவளிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டுமென்றால் கூடவே நடந்துகொண்டு சொல்ல வேண்டும். ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் நாற்காலியில் சாய்ந்திருப்பார்கள், அவள் மட்டும் சுவரோரமாக நின்று தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருப்பாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவள் மாமியார் சொன்னது வசவாகத்தான். ரேலீன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள். பிள்ளைகள் படித்து அடிலெய்டு பக்கம் போன கையோடு, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற வேலையையும் வாங்கிக்கொண்டாள்.

பஸ் சின்னதுதான், பழசு. கதவைத் திறக்க டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நீளக் கம்பி, நிறுத்திவைக்க ஒரு கைப்பிரேக். கிழக்கே மண்சாலையில் பண்ணை பண்ணையாக நின்று பிள்ளைகளை ஏற்ற வேண்டும், சாயங்காலம் அதே வாசல்களில் இறக்க வேண்டும். குறுக்கே பாயும் கங்காருவுக்கு எங்கே வேகம் குறைக்க வேண்டும், எந்தப் பிள்ளை வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். பிள்ளைகள் அவளை மிஸஸ் பி என்பார்கள். அவளுடைய புருஷன் நெவ், ஆடும் கோதுமையும் வைத்திருப்பவன். ஒரு வருஷத்தில் அவன் பேசுகிற பேச்சை அவள் ஒரு பயணத்தில் பேசி முடித்துவிடுவாள்.

ஐம்பத்து நாலு வயதில் அவளுக்கு முடக்குவாதம் வந்தது. முதலில் கல்யாண மோதிரம் கழல மறுத்தது. பிறகு விரல் கணுக்கள் வீங்கிச் சிவந்தன. பிறகு மணிக்கட்டு, பாதம், தோள். உடம்பின் காவல்காரனே வீட்டுக்குள் புகுந்து சாமான்களைப் போட்டு உடைக்கிற நோய் இது என்று ஊர் மருத்துவமனை நர்ஸ் லியான் விளக்கினாள். லியானும் ரேலீனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள், அதனால் லியானுக்கு மரியாதை எல்லாம் வராது.

ஊருக்கு இந்த விளக்கம் ஏறவில்லை. "மூட்டுவலிதானே, எனக்கும் முழங்கால்ல இருக்கு" என்று ஆளுக்கொரு முழங்காலை நீட்டினார்கள். ஒருத்தி செம்பு வளையல் கொடுத்தாள். இன்னொருத்தி ஈமு எண்ணெய் கொண்டுவந்து, "தேச்சுட்டுப் படு, காலைல ஓடுவ" என்றாள். ரேலீன் தேய்த்துக்கொண்டு படுத்தாள். காலையில் ஓடவில்லை. வீட்டு நாய்தான் அவள் கையை நக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடியது.

காலை நேரம்தான் அவளுக்கு எமன். எழுந்திருக்கும்போது விரல்கள் மடங்காது, மடங்கியது நிமிராது. பஸ்ஸுக்கு நேரமாகிவிடக் கூடாதே என்று இருட்டிலேயே எழுந்து, சமையலறைத் தொட்டியில் வெந்நீர் பிடித்து, முட்டை வேகவைப்பதுபோல இரண்டு கைகளையும் முக்கிக்கொண்டு நிற்பாள். நிற்கிற நேரத்தில் கால் சும்மா இருக்குமா, தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் விழுங்க வேண்டிய மாத்திரைகளை வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு வைத்துக்கொண்டாள். மறுநாள் முழுக்க வயிற்றைப் புரட்டும். சனிக்கிழமை பஸ் கிடையாது, புரட்டினால் புரட்டிவிட்டுப் போகட்டும் என்பது அவள் கணக்கு. மாத்திரையை மாற்றிப் பார்த்தார்கள், இன்னொன்றைச் சேர்த்துப் பார்த்தார்கள். நோய் கொஞ்சம் பின்வாங்கும், பிறகு முன்னைவிட மூர்க்கமாக வந்து நிற்கும்.

மிச்சமிருந்தது ஒரு புது ஊசி. விலை கேட்டால் நல்ல செம்மறிக் கிடாயே மயங்கி விழும். ஆனால் வாத நோய் நிபுணர் எழுதி, அரசாங்கம் ஒப்புக்கொண்டால் கைக்காசு அதிகம் போகாது. நிபுணர் டாக்டர் எலெனி கரஸ், சில மாதங்களுக்கு ஒருமுறை நகரத்திலிருந்து பறந்து வந்து, இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் துறைமுக ஊரில் நோயாளிகளைப் பார்ப்பார். மார்ச் மாதத்தில் ரேலீனுக்கு ஒரு நாள் கிடைத்தது. அந்த ஊசி கிடைத்தால் பஸ் வேலை அவளிடம் தங்கும், கிடைக்காவிட்டால் கைவிட்டுப் போகும். இதை யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இங்கேதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். எங்கள் பக்கத்துப் பொம்பளைகளைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். டாக்டர் வீட்டுக்கு வருகிறார் என்றால் காய்ச்சலில் கிடப்பவளே எழுந்து தரையைத் துடைக்கிற ஊர் இது. வேலைக்காரி வருவதற்கு முன்னால் வீட்டைப் பெருக்கிவைக்கிறவர்கள் நாங்கள். 'எப்படி இருக்கே' என்று கேட்டால், கால் ஒடிந்தவன்கூட 'பரவாயில்ல, குறை சொல்ல ஒண்ணுமில்ல' என்றுதான் சொல்வான். குறை சொன்னவன் பெயர் அடுத்த அறுவடை வரைக்கும் ஊர்வாயில் கிடக்கும்.

வலி தாங்க முடியாத நாளில் மட்டும் போட்டுக்கொள்ளச் சொல்லி ஊர் டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரைகள் இருந்தன. ரேலீன் வலித்தாலும் போடாமல், வறட்சிக்குத் தீவனம் சேர்ப்பதுபோலச் சேர்த்துவைத்திருந்தாள். டாக்டரைப் பார்க்கப் போகும் வாரம் அத்தனையையும் எடுத்து விழுங்கினாள். கை வீக்கம் வடிந்தது. தலைமுடியைச் சுருட்டிக்கொண்டாள், நகத்துக்குச் சாயம் பூசினாள், தேவாலயத்துக்குப் போடும் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். காரையும் அவளே ஓட்டினாள். நெவ் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தான்.

டாக்டர் கரஸ் ஒவ்வொரு கணுவாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"லேசா."

"காலைல விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கு?"

"கொஞ்ச நேரம்தான் டாக்டர்." அவள் கணக்கில் கொஞ்ச நேரம் என்பது பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிக்கும் வரைக்கும்.

"ஸ்டீராய்டு ஏதாச்சும் எடுக்கறீங்களா?"

"எப்பவாச்சும்."

"பொதுவா எப்படி இருக்கீங்க?"

"பரவாயில்ல. குறை சொல்ல ஒண்ணுமில்ல. என்னைவிட மோசமா எவ்வளவோ பேர் இருக்காங்க."

ரத்தப் பரிசோதனையும் அதையேதான் சொன்னது. டாக்டருக்கு உண்மையாகவே சந்தோஷம். "மாத்திரையே நல்லா வேலை செய்யுது. இப்படியே போகட்டும். ஜூலைல பாக்கலாம்" என்று கைகுலுக்கினார். அந்தக் குலுக்கலையும் ரேலீன் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டாள்.

காருக்கு வந்ததும் நெவ் கேட்டான். "ஊசி?"

"தேவையில்லையாம். நல்லா இருக்கேனாம்."

நெவ் அவளைப் பார்த்தான், அவள் நகத்தைப் பார்த்தான், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வழி நெடுக அவள் பேசவில்லை. ரேலீன் பேசாமல் வந்த பயணம் அது ஒன்றுதான் என்று நெவ் பிறகு சொன்னான்.

சேர்த்துவைத்த மாத்திரை தீர்ந்ததும் நோய் வட்டியோடு திரும்பி வந்தது. சங்கதி லியான் காதுக்குப் போயிற்று. மருத்துவமனை வராந்தாவில் அவள் குரல் தெருவரைக்கும் கேட்டது.

"அடிப் பாவி. வீங்கின மூட்டு எத்தனை, ரத்தத்துல அழற்சி எவ்வளவுன்னு பாத்துதான்டி அந்த ஊசிக்கே எழுதுவாங்க. நீ என்னடான்னா கல்யாணத்துக்குப் போற மாதிரி ஜோடிச்சுட்டுப் போயிருக்க. டாக்டருக்கு முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுக் காட்டிட்டு வந்திருக்க."

"நோயாளி மாதிரி போய் நிக்கச் சொல்றியா?"

"நீ நோயாளிதான்டி."

ரேலீன் காத்திருப்போர் நாற்காலிகளை நேராக அடுக்க ஆரம்பித்தாள். லியான் நாற்காலியைப் பிடுங்கி வைத்தாள். அன்றைக்கே டாக்டர் கரஸுக்குப் போன் செய்து, விழுங்கிய மாத்திரை உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் கொஞ்ச நேரம் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. "அவங்களா எதையும் கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். அது ஆபத்து. சொன்ன அளவு மட்டும் சாப்பிடட்டும். ஜூலைல எப்படி இருக்காங்களோ அப்படியே வரச் சொல்லுங்க" என்றார்.

ஜூலை எங்கே, மார்ச் எங்கே. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவள் அந்த மாதங்களை எப்படிக் கழித்தாள் என்று கேட்டால், நடந்து கழித்தாள். உட்கார்ந்தால் முழங்கால் பூட்டிக்கொள்ளும், படுத்தால் தோள் கத்தும். வேலியோரமாக நடப்பாள், ஆட்டுப் பட்டியைச் சுற்றி நடப்பாள், சமையலறைக்கும் வாசலுக்கும் நடப்பாள். உடம்பு அசதியில் விழுந்து கிடக்கத் துடிக்கும், மனசு விடாது. பீட்ரூட் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் ஒருநாள் அதைச் சுவரில் அடித்து உடைத்தாள். பிறகு பீட்ரூட் சாறு சொட்டும் சுவரைப் பார்த்து அழுதாள். நெவ் சத்தமில்லாமல் சுவரைத் துடைத்தான். அடுத்த நாள் முதல் எல்லா மூடியும் ஏற்கெனவே தளர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது.

பஸ்ஸை மட்டும் அவள் விடவில்லை. கதவுக் கம்பியை முழங்கையால் தள்ளினாள், ஸ்டீயரிங்கை உள்ளங்கையால் சுற்றினாள். ஆனால் எங்கள் பக்கத்துக் குளிர்காலமான ஜூன் கடைசியில், உறைபனி விழுந்த ஒரு காலையில், செம்லர் பண்ணை வாசலில் அது நடந்தது. அந்த இடம் சரிவு. பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் கைப்பிரேக்கை இழுத்தாள், அல்லது இழுத்ததாக நினைத்தாள். விரல்கள் மூடவே இல்லை. கால் பிரேக்கிலிருந்து கொஞ்சம் எழும்பியதும் பஸ் பின்னால் நழுவியது. ஒரு பிள்ளையின் கால் படியிலும் இன்னொரு கால் தரையிலும் இருந்தது. ரேலீன் மறுபடி கால் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். பஸ் குலுங்கி நின்றது. அந்தப் பிள்ளை உள்ளே வந்து விழுந்து சிரித்தது. "இன்னொரு தடவை பண்ணுங்க மிஸஸ் பி" என்று பின்சீட்டிலிருந்து சத்தம் வந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. குளிரால் வந்த வினை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அன்று சாயங்காலமே விறகுக் குவியலிலிருந்து ஒரு தைலமரக்கட்டையை எடுத்து, ஆப்பு மாதிரி சீவி பஸ்ஸில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு சரிவுள்ள வாசல்களில் எல்லாம், காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே, ஏறுவதற்கு நிற்கும் பெரிய பிள்ளையிடம் கட்டையைக் கொடுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் வைக்கச் சொன்னாள். பிள்ளைகளுக்கு அது புது விளையாட்டு. அவளுக்கு ராத்திரித் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் படியில் ஒரு கால், தரையில் ஒரு கால்.

"விறகுல ஒரு கட்டை குறையுதே" என்றான் நெவ்.

"பாம்பு வந்துச்சு. அடிச்சேன்."

உறைபனிக் காலத்தில் எங்கள் பக்கம் பாம்பு வராது. நெவ் மிச்ச விறகை அடுக்கிவைத்தான்.

ஜூலையில் அந்த நாளும் வந்தது. தலை சீவியது நெவ், முடி செம்மறிக்குக் கத்திரிபோட்ட மாதிரி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சட்டை பட்டன்களை அவன்தான் போட்டான், ஓட்டை மாற்றி. சரிசெய்ய அவள் கை போனது, கையால் முடியவில்லை. காரை அவன் ஓட்டினான். இப்படி ஒரு கோலத்தில் துறைமுக ஊருக்குள் போவதா என்று வழி முழுக்க அவள் நொந்துகொண்டாள்.

காத்திருக்கும் அறையில் ஒரு இளம் பெண். மடியில் குழந்தை, அதைத் தூக்க மணிக்கட்டு வராமல் முன்கைகளால் அணைத்திருந்தாள். ரேலீன் எழுந்துவிட்டாள்.

"என் முறையை அந்தப் பொண்ணுக்குக் குடுத்துடலாம் நெவ். பாவம், சின்ன வயசு."

நெவ் அவள் கம்பளிச் சட்டையின் ஓரத்தைப் பிடித்தான். "அவளுக்கும் முறை இருக்கு. உக்காரு ரே."

இருவரும் உள்ளே போனதும் ரேலீன் ஜன்னலோரமாக நின்றுகொண்டாள். டாக்டர் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கீங்க ரேலீன்?"

"பரவா" வரைக்கும் வாய்க்கு வந்துவிட்டது. நாக்கைக் கடித்து மிச்சத்தை விழுங்கினாள்.

டாக்டர் சிரித்தார். "எங்க வீட்டுல எல்லாம் கிரேக்கக் கூட்டம். எங்கம்மாவுக்குத் தும்மல் வந்தா தெருவுக்கே தெரியணும். நீங்க கொஞ்சம் எங்கம்மா மாதிரி பேசுங்களேன்."

ரேலீன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பட்டன் போட்டது இவன். தலை சீவினது இவன். கறியை வெட்டித் தட்டுல வைக்கறது இவன். குளியலறையில... அதுக்கும் இவன்தான்." சொல்லச் சொல்ல முகம் சிவந்தது, அவமானம் அவ்வளவு இருந்தது. டாக்டர் கணுக் கணுவாக அழுத்தினார். இந்தத் தடவை அவள் வலித்த இடத்தில் வலிக்கிறது என்றாள். ரத்தப் பரிசோதனையும் ஒத்துப்போயிற்று. "போதும். ஊசிக்கு இன்னைக்கே எழுதிடறேன். கிடைச்சுடும்" என்றார் டாக்டர்.

வந்த காரியம் முடிந்தது. எழுந்து போயிருக்கலாம். டாக்டர் எழுதிக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார்.

"பஸ் ஓட்டறீங்கதானே? அது எப்படிப் போகுது?"

பரவாயில்லை என்று ஒரு வார்த்தை போதும். ஊசி வேலை செய்ய சில வாரம், அதுவரைக்கும் மரக்கட்டை இருக்கிறது. பஸ் அவளிடமே இருக்கும். ரேலீன் வாயைத் திறந்து மூடினாள். அறைக்குள் இரண்டு தரம் நடந்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கைப்பிரேக் இழுக்க வரல. போன மாசம் பஸ் பின்னால போயிடுச்சு. ஒரு குழந்தை படியில நின்னுச்சு. கீழ விழுந்திருந்தா சக்கரத்துக்கு அடியில போயிருக்கும்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "நான் சொல்ற வரைக்கும் பஸ் வேண்டாம் ரேலீன்."

"தெரியும். அதனாலதான் இத்தனை நாள் சொல்லல."

வழியில் பள்ளிக்கூடத்து வாசலில் காரை நிறுத்தச் சொன்னாள். பஸ் சாவி அவள் வளையத்தில் வீட்டுச் சாவிகளோடு கோத்திருந்தது. நகத்தால் பிரித்துப் பார்த்தாள், பல்லால் பிரித்துப் பார்த்தாள். வளையம் விடவில்லை. கடைசியில் அதை நெவ்விடம் நீட்டினாள்.

"என்னால முடியல நெவ். நீ எடுத்துக் குடு."

முப்பது வருஷக் கல்யாணத்தில் அவள் வாயிலிருந்து அவன் முதன்முதலாகக் கேட்ட வார்த்தை அது. அவன் சாவியைப் பிரித்தான்.

"விறகுக்கட்டை குறைஞ்சப்பவே தெரியும்" என்றான்.

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா என்ன சொல்லியிருப்ப?"

 அவள் சாவியைப் பள்ளிக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, காரில் வாய்விட்டு அழுதாள். நெவ் ரேடியோவில் கம்பளி விலை கேட்டுக்கொண்டிருந்தான், அதை அணைத்தான்.

ஊசி வந்தது. குளிர்பெட்டியில் பீருக்கும் ஆட்டுத் தடுப்பூசி மருந்துக்கும் நடுவில் இடம் பிடித்தது. பேனா மாதிரி இருக்கும் அதன் முனையை அழுத்த அவள் கட்டைவிரலுக்குத் தெம்பில்லை, நெவ்தான் போட வேண்டும். ஒரு காலையில் பட்டி முழுக்க ஆட்டுக்கு ஊசி போடுகிறவன் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்து. எனக்கு ஆட்டு மருந்தைப் போட்டுடாத."

"போட்டா கம்பளியாச்சும் கிடைக்கும்" என்றான். கண்ணை மூடிக்கொண்டுதான் அழுத்தினான்.

அதற்குப் பிறகு காத்திருப்புதான், அதுதான் அவளுக்கு வராத வித்தை. பக்கத்து ஊர் டெஸ் பஸ்ஸை ஓட்டினான். அவன் பிரேக் போட்டால் பின்சீட்டுப் பிள்ளை முன்சீட்டில் இருக்கும் என்று செய்தி வந்தது. பஸ் போகும் நேரத்துக்கு அவள் வாசலில் நின்று, அவன் கியர் மாற்றுகிற சத்தத்தைக் கேட்டுப் பல்லைக் கடிப்பாள். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. ஏமாந்துவிட்டோம் என்று நினைத்தாள். அதற்கப்புறம் ஒருநாள் வெந்நீர்த் தொட்டிமுன் நிற்கும்போது தண்ணீர் இன்னும் சூடாக இருந்தது, விரல்கள் அதற்குள் மடங்கிவிட்டன. யாரிடமும் சொல்லாமல் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். சொன்னால் ஓடிப்போய்விடும் என்று பயம்.

அக்டோபரில், கோதுமை மஞ்சளாகத் தொடங்கியபோது, பஸ் ஓட்டலாம் என்றார் டாக்டர். பள்ளி விடுமுறை நாளில், பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு, காலி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். நெவ் கட்டையைப் போட்டுக்கொண்டு காரில் பின்னால் வந்தான். செம்லர் பண்ணைச் சரிவு. ரேலீன் பஸ்ஸை நிறுத்தினாள், நெவ் கட்டையோடு பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றதும் கைப்பிரேக்கைப் பிடித்தாள். சுண்டுவிரல் மட்டும் வெளியே நின்றது, மற்ற விரல்கள் மூடின. இழுத்தாள். கடகடவென்று பிரேக்கின் பல் பிடித்தது. காலை மெதுவாக எடுத்தாள். பஸ் நின்ற இடத்திலேயே நின்றது.

நெவ் ஜன்னலுக்கு வந்தான். "எப்படி இருக்கு?"

"சுண்டுவிரல் வரவே மாட்டேங்குது. வலது மணிக்கட்டுல ஒரு நரம்பு இழுக்குது. காலைல பாதம் கண்ணாடி மேல நடக்கற மாதிரி இருக்கு. இந்த டெஸ் சீட்டை எவ்வளவு பின்னால தள்ளிவச்சிருக்கான் பாரு. அந்த வெள்ளிக்கிழமை மாத்திரை இன்னும் புரட்டுது. தோளும்..."

நெவ் கட்டையைக் காரின் பின்னால் போட்டான். பஸ்ஸைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு இருவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வாசல் வரைக்கும் அவள் குறை சொல்லி முடிக்கவில்லை. நெவ் காரை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினான்.